சக்கர நாற்காலியில் அக்கினிச்சட்டி

வன்னியராஜின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. காலையில் வார்டைச் சுற்றி வரும்போது அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் உறைக்கவில்லை. கட்டில் கம்பியில் ஒரு வேப்பங்குழை செருகியிருந்தது. டெட்டால் வாடையை மீறி மஞ்சள் வாசம் அடித்தது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"என்னலே இது?"

அவன் தன் மனைவி பேச்சியைப் பார்த்தான். அவள் ஈரத்தலையோடு நின்று சாப்பாட்டுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காப்பு கட்டியாச்சுக்கா. பங்குனிப் பொங்கலுக்கு இவிய அக்கினிச்சட்டி எடுக்காக."

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் நடத்துவது முதுகுத் தண்டு முறிந்தவர்களுக்கான ஆஸ்பத்திரி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. வன்னியராஜ் மம்சாபுரத்துக்காரன். மாங்காய் பறிக்கிற வேலை. கிளை முறிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது, உணர்ச்சியும் போய்விட்டது.

நெருப்பு விழுந்தாலும் தெரியாத மடி அவனுக்கு. அந்த மடியில் கொழுந்துவிட்டு எரிகிற மண்சட்டியை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றப்போகிறான் என்று அவன் மனைவி சொல்கிறாள். அதையும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. தகவல் சொல்கிறாள்.

"யாரக் கேட்டுட்டி கட்டுன?"

"ஆத்தாளக் கேட்டுத்தான்."

நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அங்கே இருந்தவரிடம் என்ன கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

முட்டை நின்றது

அன்று மதியமே சமையல்கட்டிலிருந்து புகார் வந்தது. அவித்த முட்டையை யாரும் தொடவில்லை. காப்பு கட்டியவர் இருக்கிற இடத்தில் கவிச்சி ஆகாது என்று நோயாளிகளோடு தங்கியிருந்த பெண்கள் எல்லாரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்துக்கு அடுத்தபடி முட்டைதான். புண் ஆறவும் சதை பிடிக்கவும் அது வேண்டும். ஏற்கெனவே பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வில்லிபுத்தூர் பால்கோவாப் பெட்டியோடு வந்து நோயாளிகளின் வயிற்றைக் கட்டிவைத்துவிட்டுப் போகிறார்கள். வயிறு கட்டி மலம் போகாவிட்டால் எங்களுக்கு அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். இப்போது முட்டையும் போனது.

"சுண்டல் அவிங்க" என்றேன். சமையல்காரம்மா, "நானும் விரதம்தாம்மா" என்றாள். என் ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாத நாட்களில் அதுவும் ஒன்று.

தறி ஷெட்டில் ஓர் ஆஸ்பத்திரி

எனக்கும் வைத்தியத்துக்கும் பிறவித் தொடர்பெல்லாம் கிடையாது. எங்கள் குடும்பத்துக்குத் தறி. காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்து ஊர் ஊராக அனுப்பினோம். காயம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் இறக்கும்போது விழுந்தார். கழுத்து தப்பியது, முதுகு தப்பவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து மெத்தை போட்டு, பக்கத்தில் ஃபேன் வைத்து, அசையவிடாமல் பார்த்துக்கொண்டோம். அசையவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாசம் என்று நினைத்தோம். படுத்த இடத்தில் புண் வந்தது. எங்கள் தறித் துணியைத்தான் கட்டினோம். கிழித்துக் கிழித்துக் கட்டினோம். அந்தப் புண்ணால்தான் போனார், முதுகால் இல்லை.

அவர் தன் புண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தால் மனசு விட்டுவிடும் என்று நாங்கள் காட்டவில்லை. அவர் கேட்டார். நான் பேச்சை மாற்றினேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பிறகு ஒரு தறி ஷெட்டைக் காலி செய்தேன். நீளமான கட்டடம், படியே கிடையாது. நூல் சுற்றிய பாவு உருளைகளை உருட்டிக்கொண்டு போக வாசலில் சரிவு இருந்தது. வீல்சேருக்கு அது போதும் என்று மதுரையிலிருந்து வந்து பார்த்த டாக்டர் சொன்னார். அவர்தான் இன்றுவரை வாரத்துக்கு ஒருமுறை வந்து போகிறார்.

பெயர்ப்பலகையில் 'மறுவாழ்வு மையம்' என்று எழுதி வைத்தோம். முதலில் வந்தவர், மனைவியும் மச்சினன்மார்களும் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிவந்த ஒரு குடிகாரர். "குடிய நிப்பாட்டணும், ஊசி போடுவீகளா?" என்று கேட்டார்கள். அந்த மாதம் முழுக்க அப்படித்தான் வந்தார்கள். பலகையைக் கழற்றி, 'முதுகுத் தண்டு ஆஸ்பத்திரி' என்று மாற்றினேன். அதற்குப் பிறகு இடுப்பு வலிக்காரர்கள் வந்தார்கள்.

உண்மையான நோயாளிகள் வந்தபோது கேட்ட ஒரே கேள்வி, "நடக்க வைப்பீகளா?" என்பதுதான். இல்லை என்று சொன்னால் போய்விடுவார்கள். ஆம் என்றால் பொய். இன்னும் அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல நான் பழகவில்லை. "மொதல்ல உக்காருவோம்" என்பேன்.

"தெரியாத சூடு"

எங்கள் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது: சூடான எதையும் மடியில் வைக்கக் கூடாது. கான்சாபுரத்திலிருந்து வந்த ஒரு பட்டாளத்துக்காரர் டீ டம்ளரைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். பேப்பரை மடித்தபோது தோல் வெந்திருந்தது. உணர்ச்சி இல்லாத தோலில் சின்னப் புண்ணும் சீக்கிரத்தில் ஆறாது. அவர் குப்புறப் படுத்தும் ஒருக்களித்தும் ஒரு மழைக்காலத்தையே ஓட்டினார்.

வன்னியராஜுக்கு அப்போது வீடு திரும்புகிற நேரம். தானாகக் கட்டிலிலிருந்து வீல்சேர் வண்டிக்கு மாறுவான். தானாக உருட்டுவான். மம்சாபுரத்தில் வீட்டு வாசலுக்குச் சரிவு கட்டியாகிவிட்டது. ஒரு பெட்டிக்கடை போட இடம் பேசி, சித்திரையில் திறப்பதாக இருந்தது. இந்த நேரத்தில் ஒரு தீப்புண் என்றால் கடையும் போச்சு, வீடும் போச்சு. புண் உள்ளே இறங்கினால் ஆளும் போச்சு. அதை நான் என் வீட்டிலேயே பார்த்தவள்.

பேச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"நேந்துக்கிட்டது யாரு?"

"நாந்தான்."

"அப்ப நீ எடு."

"இவிய எடுப்பாகன்னுல்லா நேந்தேன்."

"அவனக் கேட்டியாட்டி?"

"எப்டிக்கா கேக்க? அவிய மயக்கத்துலல்லா கெடந்தாக."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"மதுரையில ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கேட்டேன்கா. நடக்கணும்னு கேக்கல. கை கால் வேணும்னு கேக்கல. உசுரக் குடு, அம்புட்டுத்தான்னு கேட்டேன். குடுத்துட்டா. வாங்குறத வாங்கிட்டுப் பேசாம இருக்கச் சொல்லுதீகளா?"

நான் சாமி கும்பிடுகிறவள்தான். என் வீட்டுக்காரர் போனபிறகு நேர்ந்துகொள்வதை மட்டும் விட்டுவிட்டேன்.

வன்னியராஜைத் தனியாகப் பிடித்தேன். மாமரத்து நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒனக்கு இதுல இஷ்டமாலே?"

"தெரியலக்கா." தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். "மடியில வச்சா எனக்குச் சூடு தெரியாது. தெரியாத சூட்டத் தாங்குனா அது என்ன நேர்த்தி? ஆத்தாள ஏமாத்துன மாதிரில்லா இருக்கும்? கையில புடிச்சா தெரியும். கையிலயே புடிச்சுக்கிடுதேன்."

"கை பொத்துப்போச்சுன்னா வண்டிய எதால உருட்டுவ? கட்டில்ல எதால ஏறுவ? ஒனக்கு இப்ப காலே கைதாம்ல."

"அதான்கா. எனக்கும் ஒண்ணும் வெளங்கல."

அவனுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. பேச்சிக்கு மட்டும் எல்லாம் விளங்கியிருந்தது.

காலையில் முடியாது என்றேன். மதியம் பார்ப்போம் என்றேன். சாயங்காலம் கேட்டைப் பூட்டச் சொன்னேன். "கேட்டப் பூட்டுனா டிஸ்சார்ஜ் வாங்கிட்டுப் போறோம்" என்று பேச்சி சொன்னதும் திறக்கச் சொன்னேன். எங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய் எடுப்பதற்குப் பதில், எங்கள் கண்முன்னால் எடுக்கட்டும். மதுரை டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, "என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதனால் கேட்காதீர்கள்" என்று வைத்துவிட்டார்.

ஜெபராஜின் பலகை

எங்கள் பிசியோதெரபிஸ்ட் ஜெபராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். இந்த விவகாரம் அவனுக்குத் தலையில் ஏறவே இல்லை. ஆனால் மடியில் சூடு இறங்கக் கூடாது என்று சொன்னதும் அவனுக்கு அது ஒரு வேலையாகத் தெரிந்துவிட்டது. மறுநாளே ஆசாரியோடு வந்து நின்றான்.

வண்டியில் கை வைக்கிற இரண்டு பக்கப் பிடிகளிலும் மாட்டுகிற மாதிரி ஒரு வேப்பம்பலகை. பலகைக்கும் மடிக்கும் நடுவில் நல்ல இடைவெளி. பலகைமேல் மணல் பரப்பி, அதன்மேல் நனைத்த சாக்கு, அதன்மேல் சட்டி. சட்டியைச் சுற்றிக் கை நிறைய வேப்பிலைக் கொத்து. பாரம் பலகைக்கு, பிடி மட்டும் கைக்கு.

"சோதிச்சுப் பாக்காம அவன உக்கார வைக்க முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டு ஜெபராஜே வண்டியில் ஏறி உட்கார்ந்தான். தன் தொடையில் ஒரு மெழுகுவர்த்தியைப் படுக்கவைத்தான். உருகினால் சூடு இறங்குகிறது என்று அர்த்தமாம். சட்டியில் தீ மூட்டினார்கள். வராந்தா முழுக்க நோயாளிகள் வண்டிகளோடு கூடிவிட்டார்கள். யாரோ ஒரு அம்மா குலவையே போட்டுவிட்டாள்.

"ஏலே ஜெபா, ஒன் பாதருக்குத் தெரியுமா?" என்றேன்.

"மெழுகுவர்த்தி உருகலைக்கா, அதப் பாருங்க" என்றான். முகமெல்லாம் வேர்வை.

உருகவில்லைதான். பல நாளைக்குப் பிறகு எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

குடம் நிமிர்ந்தது

பங்குனி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மம்சாபுரத்தில் சட்டி எடுக்கிறவர்கள் மஞ்சள் உடையில் வரிசையாக நின்றார்கள். தப்பு மேளச் சத்தத்தில் காது அடைத்தது. வன்னியராஜ் மஞ்சள் வேட்டி, மார்பில் மாலை. காலில் செருப்பு இல்லை. சட்டி எடுக்கிறவர் செருப்புப் போடுவதில்லை. அதை யாரும் யோசித்துச் செய்யவில்லை. காலையில் குளிப்பாட்டியபோதே பேச்சி கழற்றி வைத்துவிட்டாள், நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

பேச்சி வண்டியைத் தள்ளினாள். ஜெபராஜ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தண்ணீர் வாளியோடு. எங்கள் கண் பலகையை விட்டு நகரவில்லை. சாக்கு காய்கிறதா, மணல் சுடுகிறதா, தணல் ஏதும் மடியில் விழுகிறதா என்று அதே கவனம். ஜெபராஜ் அடிக்கடி குனிந்து பலகைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சட்டி எடுத்து வருகிறவர்களின் காலில் வீட்டுக்கு வீடு பெண்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். தார் ரோட்டுச் சூடு பாதத்தைப் பொசுக்காமல் இருக்க. முன்னால் போனவர்களுக்கெல்லாம் ஊற்றினார்கள். வன்னியராஜ் வந்ததும் குடம் நிமிர்ந்துவிட்டது. கால்தான் தரையில் படவில்லையே, எதற்குத் தண்ணீர் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான்.

எனக்கு அது வருத்தமாக இருந்தது. ஊர் இவனைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்ற வருத்தம்தான். வேறொன்றும் தோன்றவில்லை. கையில் வாளி நிறையத் தண்ணீர் வைத்திருந்தவள் நான்.

கோயிலில் சட்டியை இறக்கியபோது பேச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வன்னியராஜின் கையைத் திருப்பிப் பார்த்தேன். சிவந்திருந்தது, வேறொன்றும் இல்லை. மடியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஜெபராஜ் என்னைப் பார்த்துச் சிரித்தான். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று அவனையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம்.

கண்ணாடி

காலையும் மாலையும் எங்கள் நோயாளிகள் நீளக் காம்பு வைத்த கண்ணாடியில் தங்கள் உடம்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். உணராத இடத்தைக் கண்ணால்தான் காக்க முடியும். என் வீட்டுக்காரருக்குச் செய்யாததை இங்கே சட்டமாக வைத்திருக்கிறேன். வன்னியராஜ் அதில் ஒருநாளும் தவறினதில்லை. அன்று சாயங்காலமும் தவறவில்லை.

"அக்கா, செத்த இங்க வாரீகளா?"

குரலில் பதற்றம் இல்லை. அதனால் நான் மெதுவாகத்தான் போனேன். கண்ணாடியை என் பக்கம் திருப்பினான். இரண்டு பாதத்திலும் குதிகாலிலும் விரல்களுக்குக் கீழேயும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது.

வண்டியில் கால் வைக்கிற தகடு இரும்பு. உச்சி வெயிலில் ஊர் முழுக்கச் சுற்றியிருக்கிறது. அந்தத் தகட்டில் வெறும் பாதம் அழுந்தியபடி இருந்திருக்கிறது. நெருப்பை அத்தனை பேர் காவல் காத்தோம். வெயிலை ஒருவரும் பார்க்கவில்லை.

ஜெபராஜ் சுவரில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். பேச்சியை வைய வேண்டும் என்று திரும்பினேன். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, குனிந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எம்புட்டு நாளைக்கிக்கா இந்தக் கொப்புளம் இருக்கும்?"

பயந்துவிட்டாள் என்று என் கோபம் இறங்கிவிட்டது. "பயப்படாதட்டி, சீக்கிரம் ஆத்திப்புடலாம்" என்றேன்.

"வேண்டாம்க்கா. ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கணும். எங்க தெருக்காரவுக பாக்க வாராக. வண்டியில உக்காந்து போறதெல்லாம் நேர்த்தியான்னு அடுத்த வீட்டு முனியாண்டி அண்ணன் கேட்டாக. அவுக பாத்துக்கிடட்டும்."

இப்படி ஒரு பேச்சை என் வாழ்நாளில் யாரும் என்னிடம் பேசியதில்லை. புண்ணை ஆற்றத்தான் நான் ஆஸ்பத்திரி கட்டினேன். வாய்க்கு வந்தபடி வைதேன். வைதுகொண்டே மருந்து வைத்துக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை

என்ன ஆச்சு என்று கேட்பவர்களுக்கு: ஆறியது. ஆனால் கோடை முழுக்க அவன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சித்திரையில் திறக்க வேண்டிய கடை ஆடியில்தான் திறந்தது. ஒரு நேரம் வலது குதிகால் கறுத்துப்போய், கால் தப்புமா என்று டாக்டரே உதட்டைப் பிதுக்கினார். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஆணும் பெண்ணுமாகக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். முனியாண்டியும் சட்டி எடுத்த மற்ற ஆண்களும் நொண்டி நொண்டி வந்தார்கள். பாதத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார்கள், வெள்ளைத் துணிதானே தெரிந்தது. பேச்சி என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. பார்க்க மட்டும் செய்தாள்.

அழுக்குக் கையோடு யாரும் புண்ணருகே வரக் கூடாது என்று தினமும் கத்துகிறவள் நான். அந்த நான், கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஜெபராஜ் "அக்கா, அக்கா" என்று பதறப் பதற, கட்டைப் பிரித்துக் காட்டினேன். ஏன் செய்தேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முனியாண்டி குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் பொத்துருக்கு" என்றார்.

வன்னியராஜ் தலையணையிலிருந்து நிமிர்ந்தான்.

"எப்டிண்ணே இருக்கும்? ரொம்ப எரியுமா?"

முனியாண்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தன் பாதத்தைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"முத நா ராவு பூரா எரியும்லே. மொளகாய அரைச்சுத் தேச்சது கெணக்கா. மறுநா எரிச்சல் நின்னுரும். பொறவு கால ஊனையில குத்தும், இந்தா, இந்த எடத்துல..."

அவர் தன் குதிகாலில் விரலை வைத்துக் காட்டினார். வன்னியராஜ் தன் குதிகாலைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. யாரையும் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.